கருவாட்டுக்கு அடியில்

சுக்குவுக்குப் பேச்சு வந்த அன்று அதன் முதல் வார்த்தைக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கழுத்தில் புதிதாக மாட்டியிருந்த பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிக்குமே ஒரு பெண் குரல், அதே குரலில் பட்டை சொன்னது:

"இந்தப் பட்டை அரிக்கிறது."

நறுமுகை விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டையைக் கொண்டுவந்த அவள் மாமன் கோகுலனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போதைக்கு இந்த ஒரு குரல்தான் தயாராக இருக்கிறது என்றும், கரூர்ப் பேச்சு பேசுகிற குரல் பின்னால் வரும் என்றும் விளக்கினான். சுக்குவுக்குக் குரல் எதுவானாலும் ஒன்றுதான். தன் தொண்டைக்குக் கீழே யாரோ ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, தான் நினைப்பதையெல்லாம் உரக்க வாசிப்பதுதான் அதற்கு விநோதமாக இருந்தது.

சுக்கு சாதாரண நாட்டு நாய். உலர்ந்த சுக்கின் நிறம், அதே போலக் கொஞ்சம் கோணலான உடம்பு. நறுமுகையின் அப்பா தனபாலன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அங்கே பாதி கட்டிய ஒரு பேருந்தின் அடியில் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்தார். வந்த நாள் முதல் வீட்டில் அதற்கு ஒரு வேலை இருந்தது. காவல் வேலை இல்லை, அதற்குத்தான் கதவில் கேமரா இருக்கிறதே. சுக்குவின் வேலை கேட்டுக்கொள்வது.

விடியற்காலை நடைக்குப் போகும்போது தனபாலன் சொல்லுவார். வெங்காயம் நறுக்கும்போது அவர் மனைவி மேகலா சொல்லுவாள். நறுமுகை கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சுக்குவின் காது மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஊதுகிற மாதிரிச் சொல்லுவாள். வெளியே யாரிடமும் சொல்ல முடியாததெல்லாம் சுக்குவுக்குள் போய் விழுந்தது. சொல்லி முடித்ததும் அவர்களின் வியர்வை வாசனை மாறும். சுமை இறக்கிய ஆளின் வாசனை அது. சுக்குவுக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

பட்டை வந்த மறுநாளே அது நின்றுபோனது. விடியற்காலை நடையில் தனபாலன் வாயைத் திறக்கவே இல்லை. வெங்காயம் நறுக்கும்போது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. நறுமுகை கட்டிலுக்கு அடியில் வந்தாள், காதைத் தூக்கினாள், பச்சை விளக்கைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் காதைக் கீழே விட்டாள்.

இதற்கிடையில் கோகுலன் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி அருந்ததி மேடம், பட்டையின் சோதனை எப்படிப் போகிறது என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டார். தரங்கம்பாடிக் கடற்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்திருந்தார். கடலைப் பார்த்தே நாளாகிவிட்டது என்றாள் மேகலா. காவிரிக் கரையைப் பிடித்துக்கொண்டே போனால் சுற்றுலா மாதிரியும் ஆச்சு என்றார் தனபாலன்.

ஊரெல்லாம் தானே ஓடுகிற காருக்கு மாறிவிட்ட காலம். தனபாலன் மட்டும் பழைய பெட்ரோல் காரை விடவில்லை. வண்டி கட்டுகிறவன் வீட்டு வண்டியை மிஷின் ஓட்டுவதா என்பார். அவர் ஓட்டினார், பக்கத்தில் மேகலா, பின்னால் ஒரு ஜன்னலில் நறுமுகை, மறு ஜன்னலில் மடியில் பலகைக் கணினியோடு கோகுலன். நடுவில் சுக்கு, முன் இருக்கைகளின் இடைவெளியில் மூக்கை நீட்டிக்கொண்டு.

மனிதர்கள் பயணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். சுக்கு அதை மூக்கால் குடித்தது. கரூர் எல்லைவரை சாயப்பட்டறை வாடை. அப்புறம் வலது பக்கம் வெயிலில் வதங்கிய சோளத்தட்டை, இடது பக்கம் ஈர மணலாக ஆறு. குளித்தலைக்குப் பக்கத்தில் வாழைத்தோப்புகள் பச்சையாக மூச்சுவிட்டன. ஒவ்வொரு மைல் கல்லிலும் அந்தந்த ஊர் நாய்கள் தங்கள் விலாசத்தை எழுதி வைத்திருந்தன. கார் வேகத்தில் எல்லாவற்றையும் படிக்க முடியவில்லையே என்ற ஒரு வருத்தம்தான் அதற்கு.

திருச்சிக்கு முன்னால் சாப்பிட நிறுத்தினார்கள். வேப்ப மரத்தடியில் மேகலா தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். கொள்ளுப் பருப்பு மணத்தது. நம் வீட்டுக் கொள்ளுப் பருப்புக்கு ஈடே இல்லை என்றார் தனபாலன், வழக்கம்போல.

"தனபாலன் அவர்கள் கொள்ளுப் பருப்பை உண்பதில்லை," என்றது பட்டை, பேருந்து நிலையக் குரலில். "கல்யாணமான நாள் முதல் அது தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். மேசைக்குக் கீழே எனக்குக் கொடுத்துவிடுவார். நன்றி."

நன்றி என்பதைச் சுக்கு நினைக்கவில்லை. அந்தக் குரல் எல்லா அறிவிப்பையும் அப்படித்தான் முடிக்கும்.

மேகலா கரண்டியைப் பிடித்தபடி கணவரையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று சுக்கு வாலை ஆட்டியது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அடுத்து மேலே வந்த நினைப்பையும் தடுக்கவில்லை. தடுக்க அதற்கு அப்போது தெரியவும் தெரியாது. கோகுலன் ஒரு வாய் சோற்றை அதன் முன் நீட்டியிருந்தான். அவனைப் பற்றிக் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது.

"கோகுலன் காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அக்கா வீட்டுக்கு வருவான். மற்ற நேரத்தில் அவனுக்கு அக்கா இருப்பதே மறந்துவிடும். இவ்வாறு மேகலா அவர்கள் அழுதபடி கூறினார். நன்றி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. கையிலிருந்து வந்த வாசனை புளித்துப்போனதைச் சுக்கு முகர்ந்தது. மேகலா தூக்குப் பாத்திரத்தை மூட ஆரம்பித்தாள். மூடி சரியாக உட்கார்ந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

வண்டி மறுபடி கிளம்பியது. நறுமுகைதான் முதலில் கேட்டாள். மனதில் இருப்பதையெல்லாம் இது சொல்லிவிடுமா என்று.

"எல்லாத்தையும் சொல்லாது கண்ணு," என்றான் கோகுலன். "மனசுங்கறது ஒரு குளம்னு வச்சுக்க. ஆயிரம் கெடக்கும். அதுல எது மேல மிதக்குதோ அத மட்டும்தான் பட்டை எடுக்கும். மனுசன்னா மேல ஒண்ண மிதக்க விட்டுட்டு அடியில வேற ஒண்ண வச்சிருப்பான். அதனாலதான் மனுசனுக்கு இத மாட்டிப் பிரயோசனம் இல்ல. நாய்க்கு அந்தச் சூது கெடையாது. மேல என்னவோ அதுதான் உள்ளயும். நாய் பொய் சொல்லாது. எங்க கம்பெனி நிக்கறதே அந்த ஒரு சொல்லுலதான்."

"அப்ப நாங்க அழுதது, சிரிச்சது எல்லாம் உங்க மேடம் காதுக்குப் போகுமா?" என்று மேகலா திரும்பாமலே கேட்டாள். கோகுலன் கணினித் திரையைச் சட்டை நுனியால் துடைத்தான்.

சுக்கு சொன்னதெல்லாம் நிஜம். அப்படியிருந்தும் அந்தக் காருக்குள் இருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக அதன் முதுகைவிட்டு விலகியிருந்தன. நறுமுகையின் கைகூட மடியில் இருந்தது. நிஜம் சொன்னால் ஏன் கை விலகுகிறது? அதற்கு மேல் யோசிக்க அதற்கு வழி தெரியவில்லை. கால்களுக்கு இடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

தஞ்சாவூரைத் தாண்டும்போது மேகலா மெல்ல மூக்கை உறிஞ்சினாள். அவள் சமையலறையில் சொன்ன இன்னொரு விஷயம் சுக்குவின் மனதில் எழும்பத் தொடங்கியது. பட்டையில் விளக்கு மினுக்கியதுகூட. அந்த நேரம் பார்த்து எதிரே வந்த ஒரு லாரி காரைக் கடந்தது. லாரி நிறையக் கருவாட்டு மூட்டை.

ஆகா, என்ன மணம். நாகப்பட்டினத்துக் கடலும் வெயிலும் உப்பும் ஒரே மூச்சில் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, சுக்குவின் மண்டையை நிறைத்து, மற்றதையெல்லாம் அடியில் தள்ளிவிட்டன.

"கருவாடு," என்றது பட்டை. "நன்றி."

நறுமுகை சிரித்துவிட்டாள். தனபாலனும் சிரித்தார். மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்குச் சோறு போட்டு வளர்த்தும் புத்தி போகவில்லை பார் என்றாள். ஒரு கை, யாருடையது என்று பார்க்கவில்லை, சுக்குவின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

லாரி போய்விட்டது. மணமும் போய்விட்டது. மேகலாவின் அழுகை மறுபடி மேலே வரப் பார்த்தது. சுக்கு கண்ணை மூடி, போன லாரியைத் தானே இழுத்துக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மூட்டையாக அதை நினைத்தது. கடினமான வேலை. பந்தைப் பிடிப்பது, பூனையைத் துரத்துவது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் பட்டை சொன்னது கருவாடு என்று மட்டுமே.

கும்பகோணம் வருவதற்குள் அந்த வித்தை அதற்குப் பழகிவிட்டது. ஏதாவது எழும்பினால் அதன் தலையில் ஒரு கருவாட்டைப் போடு. அவ்வளவுதான். இந்த நாய்க்கு இன்றைக்கு ஒரே நினைப்பு என்று கோகுலன் அலுத்துக்கொண்டு கணினியை மூடி வைத்தான். ஊரில் பெட்ரோல் பங்க் தேடி அலைந்ததில் எல்லோருக்கும் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. கார்களுக்கு மின்சாரம் ஏற்றும் நிலையத்தில் விசாரித்தால், பெட்ரோலா, என்று வேறு கிரகத்துக்காரர்களைப் போலப் பார்த்தார்களாம். தனபாலன் அதை நடித்துக் காட்டிக்கொண்டே ஓட்டினார்.

சிரித்துக்கொண்டேதான் ஓட்டினார். ஆனால் அவர் பின்கழுத்திலிருந்து வந்த வாசனை வேறாக இருந்தது. தேய்க்காமல் விட்ட பித்தளைப் பாத்திரத்தின் வாடை. பயத்துக்கு அந்த வாடைதான். காலையிலிருந்தே அது இருந்தது. கும்பகோணத்துக்கு அப்பால் சாலை குறுகக் குறுக வாடை தடித்தது.

ஏனென்று சுக்குவுக்குத் தெரியும். விடியற்காலை நடைகளில் அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இடது கண் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வருகிறது. நேராக இருப்பது தெரிகிறது, இடது பக்கமாக வருவது தெரியவில்லை. பட்டறையில் இரண்டு தடவை பையன்கள்மேல் மோதிவிட்டார். டாக்டரிடம் போனால் ஓட்டக்கூடாது என்பார், பட்டறையில் நிற்கக்கூடாது என்பார். வண்டி ஓட்டாத தனபாலனை இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை ஊருக்குப் போய் வந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யார்கிட்டயும் சொல்லிடாதடா என்று ஒவ்வொரு நாளும் முடிப்பார். பட்டை வருவதற்கு முந்தைய நாள்கூடச் சொன்னார்.

சாலையில் அவர்களுக்கு முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வாழையிலைக் கட்டு, அதன்மேல் ஓர் அம்மாள். சுக்குவுக்கு அது வெகுநேரமாகத் தெரிந்தது. இலை நறுக்கிய பால் வாசனை முகத்தில் அடித்தது. மொபெட் சாலையின் இடது ஓரத்துக்கு ஒதுங்கியது. எதிரே ஒரு பேருந்து வந்தது. தனபாலன் வண்டியை இடது பக்கம் ஒடித்தார்.

மேகலா, என்னங்க, என்று கத்தினாள்.

காரின் பக்கக் கண்ணாடி இலைக்கட்டை உரசிக் கிழித்தது. மொபெட்காரர் இரண்டு காலையும் ஊன்றி, தள்ளாடி, எப்படியோ நின்றுவிட்டார். இலைகள் சாலையெங்கும் சிதறின. அந்த அம்மாள் இறங்கி வந்து தனபாலனின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் தமிழில் உள்ள நல்ல வார்த்தைகளால் விசாரித்தாள். எல்லோரும் இறங்கி இலையைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, ஒருவழியாக அவர்களை அனுப்பி வைத்தார்கள்.

"எங்கிருந்து வந்தான்னே தெரியல," என்றார் தனபாலன். "குறுக்க பூந்துட்டான்." மறுபடி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். சுக்குவின் மனதில் அந்த விஷயம் எழும்பியது. அதன்மேல் உடனே ஒரு கருவாட்டைப் போட்டது. பெரிய கருவாடு, அசையவே அசையாது. இனி ஒன்றும் வெளியே வராது. விடியற்காலை நடையின் அந்தச் சுமை இறக்கிய வாசனை ஒருநாள் திரும்பி வந்தாலும் வரலாம்.

பக்கத்தில் நறுமுகை ஜன்னலில் சாய்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம்.

எஞ்சின் உறுமியது. சுக்கு அந்தக் கருவாட்டை எடுத்தது. போட்டதைவிட எடுப்பது கஷ்டமாக இருந்தது.

"இடது பக்கம் தனபாலன் அவர்களுக்குக் கண் தெரியாது," என்றது பட்டை. "மாதக்கணக்காகத் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருக்கிறது. அவர் ஓட்ட வேண்டாம்."

குரல் வழக்கம்போல நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஏனோ சொல்லவில்லை.

தனபாலன் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவர் பார்வை சுக்குவைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது.

"உங்கிட்ட மட்டும்தானடா சொன்னேன்," என்றார்.

மேகலா எதிரே வெறும் சாலையைப் பார்த்தபடி அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். இத்தனை நாள் நாயிடம் சொல்லத் தோன்றியது, என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா என்று அவள் கேட்பாள் எனக் கோகுலன் எதிர்பார்த்தான். அவள் இறங்கிச் சுற்றி வந்தாள்.

"தள்ளி உக்காருங்க," என்றாள். "அந்தப் பக்கமிருந்து உங்களுக்கு என்னையத் தெரியும்ல?"

"தெரியும்," என்றார். "நீ நல்லாவே தெரிவ."

மயிலாடுதுறைவரை அவர் மேகலாவின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கியரை மாற்றும்போது கிளட்சை இன்னும் கொஞ்சம் மிதி என்றார். எனக்குத் தெரியும் என்றாள் மேகலா. பித்தளை வாடை மட்டுப்பட்டிருந்தது. ஆனால் தன் பக்கம் அவர் திரும்பவே இல்லை என்பதைச் சுக்கு கவனித்தது. கடல் வாசனை வந்தபோதுகூட அது எழுந்து நிற்கவில்லை.

அருந்ததி மேடத்தைச் சுக்குவுக்குப் பிடித்துப்போனது. அதுதான் சிக்கல். அவர்மேல் பல நாய்களின் வாசனை இருந்தது, எல்லாமே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற நாய்கள். வந்ததும் தரையில் மண்டிபோட்டு, காதுக்குப் பின்னால் சரியான இடத்தில் சொறிந்துவிட்டார். வழியில் நடந்ததைக் கோகுலன் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா கடைசி வரைக்கும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே சொல்லிட்டுப் போயிட்டார்," என்றார் தனபாலனிடம். "வீட்ல ஒரு நாய் இருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பேச்சு மட்டும் இருந்திருந்தா… அதுக்காகத்தான் சார் இத ஆரம்பிச்சேன்."

தனபாலன் தலையை ஆட்டினார்.

மாலை வெயிலில் கடல் பார்த்த தாழ்வாரத்தில் நாற்காலி போட்டார்கள். கம்பெனி ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். மேடம் தன் திட்டத்தைச் சொன்னார். முதலில் வீடுகள். அடுத்து பள்ளிக்கூடங்கள், வகுப்புக்கு ஒரு நாய். பிள்ளைகள் அதோடு விளையாடும், மனசு விட்டுப் பேசும். என்ன பிரச்சினை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு, வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு என்று இப்போதே கேட்கிறார்களாம். பொய்யே இல்லாத ஊர் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றார். மேகலா யோசித்துப் பார்த்தாள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதைச் சுக்கு பார்த்தது.

பிறகு மேடம் நறுமுகையின் பக்கம் அன்பாகக் குனிந்தார். சுக்குகிட்ட ரகசியமெல்லாம் சொல்லுவியாமே என்றார்.

"இல்ல," என்றாள் நறுமுகை.

அவளிடமிருந்து பித்தளை வாடை குப்பென்று கிளம்பியது. அப்பாவின் பயத்தைவிட மெல்லியது, புதியது.

"சின்னப் பொண்ணுங்க, விட்டுடுங்களேன்," என்றாள் மேகலா.

ஒரே ஒரு கேள்விதான், குழந்தைகளுக்குத்தான் இது ரொம்ப உதவப்போகிறது என்று சொல்லிவிட்டு மேடம் சுக்குவைப் பார்த்தார். "சுக்கு, பாப்பா உங்கிட்ட என்ன சொன்னா?"

அவள் சொன்னது எல்லாமே கிளம்பி வந்தது. கட்டிலுக்கு அடியில், காது மடலுக்குள், மூச்சுச் சூடோடு வந்து விழுந்த அத்தனை வார்த்தைகளும். அவை இவ்வளவு கனமாக இருக்கும் என்று சுக்கு நினைத்ததில்லை. இது அப்பாவின் கண் மாதிரி இல்லை. இதைச் சொல்லாவிட்டால் எந்த மொபெட்டும் கவிழப்போவதில்லை. இது அவளுடையது. அவ்வளவுதான்.

சுக்கு நான்கு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டது.

"கருவாடு," என்றது பட்டை. "நன்றி."

கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். மேடம் புன்னகையோடு மறுபடி கேட்டார்.

"நெத்திலிக் கருவாடு. நன்றி."

மேடம் கேள்வியை மாற்றினார். பாப்பா பயப்படுகிறாளா, யாரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்ததா. கேள்விக்குக் கேள்வி அடியிலிருந்து முட்டியது. சுக்குவின் நாக்கு வெளியே தொங்கியது.

"வாளைக் கருவாடு. சுறாக் கருவாடு. மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. சென்னாக்குன்னிக் கருவாடு. நன்றி."

தாழ்வாரமே அதிர்ந்தது. நறுமுகைகூடச் சிரித்தாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே. தனபாலன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியைத் திருப்பி, நல்ல கண்ணால் நாயை உற்றுப் பார்த்தார். அவர் வீட்டு நாய் எப்போது பசியில் கருவாடு கேட்கும், எப்போது கேட்காது என்று அவருக்குத் தெரியாதா?

தஞ்சாவூரிலிருந்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கோகுலன் மேடத்திடம் ஒப்புக்கொண்டான். காரின் குலுக்கல் பட்டையைக் கெடுத்திருக்கலாம் என்றான். மேடத்தின் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான். சுக்குவின் தலையைத் தடவிவிட்டு, பாவம், பசி போல, முதலில் சோறு போடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கருவாடே கிடைத்தது. சுக்குவால் அதைத் தின்ன முடியவில்லை. வழியெல்லாம் சுமந்ததில் அலுத்துப்போயிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன் தனபாலன் கடற்கரையில் அதைத் தேடி வந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். ஊர் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்க்க மேகலா ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். இனி அவள்தான் ஓட்டுவாளாம். நன்றாகவே ஓட்டுகிறாள், என்ன, கிளட்சைத்தான் பாதியில் விடுகிறாள்.

"உம்மேல கோவம் இல்லடா," என்றார். கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் இருக்கு. போயிரும்."

எழுந்து நடந்தார். சுக்கு அவருடைய இடது பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. மோதாமல், அவர் கை தொடுகிற தூரத்தில், அலை ஓரமாக வீடுவரை கொண்டுபோய் விட்டது.

மறுநாள் காலை எல்லோரும் குளிக்கக் கடலில் இறங்கியபோது கோகுலன் மட்டும் வரவில்லை. காய்ந்த படகின் நிழலில் பலகைக் கணினியோடு உட்கார்ந்திருந்தான். சுக்கு அங்கே போனது. திரையில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நாய்க்குத் திரையில் என்ன தெரியும், ஆனால் அவன் விரலில் பித்தளை வாடை அடித்தது.

"இங்க பாரு," என்றான் மெதுவாக. "இது கருவாட்டு லாரி போனப்ப. கோடு தானா துள்ளுது. இது நேத்துச் சாயங்காலம். இது துள்ளல. யாரோ பாறாங்கல்ல நெம்பித் தூக்கி வைக்கற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா ஏறுது. அடியில இன்னொண்ணு கெடந்து துடிக்குது." நிறுத்தினான். "மச்சான் கண்ணப் பத்திச் சொன்ன எடத்துலயும் இதே கல்லு இருக்கு. அங்க நீயா எடுத்திருக்க. உனக்கு எத மூடணும், எத மூடக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு."

சுக்கு உட்கார்ந்தது. பட்டை சும்மா இருந்தது.

"இத மேடத்துக்கிட்டச் சொன்னா உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. ஒலகத்துலயே பொய் சொன்ன மொத நாய் நீ. அப்புறம் கேப்பாங்க, கருவாட்டுக்கு அடியில போய் எடுக்கற மாதிரி ஒரு பட்டை செய்ய முடியுமான்னு." அவன் கடலைப் பார்த்தான். "முடியும். ராத்திரியெல்லாம் அதத்தான் யோசிச்சேன். எப்படின்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அத நாய்க்கு மட்டும்தான் மாட்டுவாங்கன்னு நெனைக்கறயா?"

அவன் விரல் திரையில் ஒரு தடவை ஓடியது. கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பிறகு இரண்டு கையாலும் சுக்குவின் கழுத்தைத் தடவி, பட்டையின் கொக்கியைக் கழற்றினான். பச்சை விளக்கு அணைந்தது. கழுத்தில் கடல் காற்று பட்டது. தொண்டைக்குக் கீழே இருந்தவள் எழுந்து போய்விட்டாள்.

தூரத்தில் அலைக்குள் மேகலா தனபாலனின் இடது கையைப் பிடித்திருந்தாள். நறுமுகை இருவரையும் இழுத்துக்கொண்டிருந்தாள். கோகுலன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. சுக்குவின் காது மடலைத் தூக்கினான். பழக்கமில்லாத கை, கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டது.

"சுக்கு, நான் ஒண்ணு சொல்லட்டா," என்றான். "அக்காவப் பத்தி. எங்கம்மா போனதுக்கப்பறம் ஏன் நான் அந்தப் பக்கமே வர்றதில்லன்னு…"

ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை அவனுக்கு. படகின் நிழல் குளிர்ச்சியாக இருந்தது. மணல் இதமாகச் சுட்டது. அவன் குரல் ஏறி, உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. சுமை இறக்குகிற அந்த வாசனை மெல்ல மெல்லப் பரவியது. சுக்கு அதை ஆழமாக இழுத்து, தலையை அவன் முழங்கால்மேல் வைத்து, பாதியிலேயே தூங்கிவிட்டது.

அவன் அதைக் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தான்.